கத்தி எந்தக் கட்டத்தில் கெட்டது? புதிதாகச் செய்பவருக்கு அறிகுறி வழியே பிழை நீக்கம்

முதல் கத்தியில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை, கண்ணில் படும் கட்டத்தில் உண்டானவை அல்ல. எண்ணெயில் கேட்ட வெடிப்புச் சத்தத்துக்குக் காரணம், முந்தைய நாள் அரம் போட்ட ஆழமான கோடாக இருக்கும். பிடியில் விழுந்த இடைவெளிக்குக் காரணம், தோய்ச்சலில் (சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதில்) முறுக்கிக்கொண்ட வாலாக, அதாவது பிடிக்குள் போகும் பகுதியாக, இருக்கும். அதனால் குறை தெரிந்ததும் கடைசியாகச் செய்த வேலையையே திரும்பச் செய்யாதீர்கள். முதலில் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

இங்குள்ள அளவுகள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கானவை: லாரி அல்லது ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை, மரக்கரி உலை, கை அரம், 12 முதல் 15 செ.மீ. அலகு, 3 மி.மீ. முதுகு. இந்தப் பட்டைகளில் பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். சமையல் கத்திக்கும் தோட்டக் கத்திக்கும் அது போதும். கரிக்கு வேலிக்கருவை மரக்கரியே நல்லது. நிலக்கரி வேண்டாம், அதிலுள்ள கந்தகமும் புகையும் புதியவருக்குத் தலைவலி.

கைக்கெட்டும் இடத்தில் இவை இருக்கட்டும்: சோதனைக்கென்றே ஒதுக்கிய புது அரம் ஒன்று, கம்பி நுனியில் கட்டிய காந்தம், 6 மி.மீ. பித்தளைக் கம்பி, கனம் அளக்க வெர்னியர், மார்க்கர், எஃகு அடிக்கோல்.

வேலை தொடங்கும்போதே அரம் இறங்கவில்லை

பட்டை ஏற்கெனவே கடினப்படுத்தப்பட்டது. வண்டியில் ஸ்பிரிங்காக வேலை செய்ய அதற்கு ராக்வெல் அளவில் ஏறத்தாழ 45 வரை கடினம் கொடுத்திருப்பார்கள். அதில் அரம் ஓட்டினால் தேய்வது அரத்தின் பல்தான். காந்தம் ஒட்டாமல் போகும் வரை பட்டையைச் சூடாக்கி, உலர்ந்த சாம்பல் நிறைந்த டின்னில் முழுதாகப் புதைத்து, மறுநாள் காலையில் எடுங்கள். சாம்பலில் துளி ஈரமும் கூடாது. துண்டு மெல்லியதாக இருந்தால் சாம்பலுக்குள்ளும் சீக்கிரம் ஆறிவிடும். கூடவே ஒரு தடித்த இரும்புத் துண்டையும் சிவக்கக் காய்ச்சி, இரண்டையும் ஒட்டினாற்போல் புதைத்தால் சூடு மெல்ல இறங்கும்.

பிறகும் ஆங்காங்கே வழுக்கினால் அது சூட்டில் மேலே படிந்த கறுப்புச் செதில். ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். அரத்தின் பற்களில் இரும்புத்தூள் அடைத்து அலகில் கீறல் போட்டால், அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு வேலை செய்யலாம். தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும்.

அடிக்கும்போதே விளிம்பு பிளக்கிறது

சூடு குறைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இந்த எஃகை ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, மங்கல் சிவப்புக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். “இன்னும் ரெண்டு அடி” என்று நீட்டும் அந்த அடிகளில்தான் பிளவு விழுகிறது. பிளவு சிறியதாக இருந்தால் அதைத் தாண்டி 2 மி.மீ. வரை அரத்தால் எடுத்துவிட்டுத் தொடருங்கள். அதன்மேல் அடித்து மூடப் பார்க்காதீர்கள். மேலே மூடியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஒட்டியிருக்காது, தோய்ச்சலில் திறந்துகொள்ளும்.

இரும்பு வெள்ளையாகிப் பொறி பறந்ததென்றால் அந்தப் பகுதி எரிந்துவிட்டது. எந்தச் சூட்டுமுறையும் அதை மீட்காது, வெட்டி எறியுங்கள். நுனிதான் பெரும்பாலும் இப்படிப் போகும். அதைத் தவிர்க்க, நுனியைக் கரிக்கு வெளியே நீட்டி வைத்து நடுப்பகுதியை முதலில் சூடாக்குங்கள்.

தோய்ச்சல் கொடுத்த பிறகும் அரம் கடிக்கிறது

அதிகம் பேர் தடுமாறுவதும், தேவையில்லாமல் மறுபடி உலையில் வைத்துக் கத்தியைக் கெடுப்பதும் இந்த இடத்தில்தான்.

முதலில் அது உண்மையிலேயே மென்மைதானா என்று பாருங்கள். உலையில் இருந்த நேரத்தில் அலகின் மேல்தோல் கார்பனை இழந்திருக்கும். 0.1, 0.2 மி.மீ. ஆழத்துக்கு அது வெறும் இரும்புபோல நடந்துகொள்ளும். வாயோரம், அதாவது வெட்டும் விளிம்பில், ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை அரம் ஓட்டுங்கள். மேலே கடித்த அரம், தோல் போனதும் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கினால் கத்தி சரியாகத்தான் இருக்கிறது. நேரே டெம்பரிங்குக்கு (தோய்த்த அலகை மிதமாகச் சுடும் அடுத்த கட்டத்துக்கு) போகலாம். உள்ளேயும் கடித்தால், கீழ்க்கண்ட வரிசையில் காரணம் தேடுங்கள்.

எஃகு சரியானதுதானா? கட்டடக் கம்பி, ஆங்கிள், கேட் பட்டி போன்றவற்றில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. அவற்றை எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்குரிய கடினம் வராது. சந்தேகமென்றால் அதே பட்டையில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, காய்ச்சித் தோய்த்து, வைஸில் பிடித்துத் துணி போர்த்திச் சுத்தியலால் தட்டுங்கள். சட்டென்று உடைந்தால் எஃகு சரி. வளைந்தால் பட்டையை மாற்றுங்கள். பழைய இரும்புக் கடைச் சரக்கென்றால் இந்தச் சோதனையைக் கத்திக்கு வடிவம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இரண்டு நாள் அர வேலை மிச்சம். வெள்ளி நிறத்தில் துத்தநாகம் பூசிய இரும்பை உலைக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

சூடு போதுமானதாக இருந்ததா? காந்தம் விடுவது சுமார் 770 டிகிரியில். அத்துடன் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. ஸ்பிரிங் பட்டைக்கு 830 முதல் 860 டிகிரி தேவை. காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் ஏறி ஆரஞ்சைத் தொட வேண்டும், அந்தச் சூட்டில் மூன்று நான்கு நிமிடம் நிற்கவும் வேண்டும். பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். பட்டறையை இருட்டாக்கிக்கொண்டாலோ அந்தி சாய்ந்த பிறகு செய்தாலோ இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: சூடேறும் அலகின்மேல் ஒரு மங்கலான நிழல் ஊர்ந்து மறையும். உள்ளமைப்பு மாறுவதன் அடையாளம் அது. நிழல் முழுவதும் மறைந்த பிறகே கணக்குத் தொடங்குகிறது.

நுனி கடினமாகவும் குதிப்பக்கம் (பிடியை ஒட்டிய பகுதி) மென்மையாகவும் இருந்தால் சூடு சமமாக இல்லை. பூச்சில்லாத இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்றைக் கரிக்கு நடுவே புதைத்து, கத்தியை அதற்குள் முன்னும் பின்னும் நகர்த்திச் சூடாக்குங்கள். காற்று நேரே அலகில் படாது, செதிலும் குறையும், நிறமும் தெளிவாகத் தெரியும். மலிவான உதவிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

எண்ணெய் எப்படி இருந்தது? ஒரு கத்திக்கு நான்கு லிட்டராவது வேண்டும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அலகைச் சுற்றி ஓடாது, அதனால் மெதுவாகவே குளிர்விக்கும். எண்ணெய்க்குள் கத்தியை வெட்டும் திசையில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆவிப்படலம் கலையும். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், புகையும் நஞ்சு, தன்மையும் ஒவ்வொரு டின்னுக்கும் வேறு.

உலையிலிருந்து எண்ணெய்க்கு எத்தனை நொடி? இரண்டுக்கு மேல் ஆனால் மெல்லிய வாய் வழியிலேயே ஆறிவிடும். டின் உலைக்கு ஒரு எட்டில் இருக்கட்டும். இரும்பு டின், மூட இரும்புத் தகடு, கையில் தோல் உறை. எண்ணெய் தீப்பிடித்தால் தகட்டால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

காரணம் தெரிந்து மறுபடி செய்வதென்றால், நேரே தோய்ச்சலுக்குப் போகாதீர்கள். அதே சூட்டுக்கு ஏற்றி, அசையாத காற்றில் கறுக்கும் வரை ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெயில் ‘டிங்’ என்று கேட்டது

வெடித்துவிட்டது. வெளிச்சத்தில் தெரியவில்லையென்றால், அலகை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். வெடிப்பிலிருந்து ஈரம் கசிந்து கோடு காட்டும். வெடித்த அலகை ஒட்டவோ நிரப்பவோ வழியில்லை. பயன்பாட்டின்போது உடைந்தால் கையில்தான் பாயும். வெடிப்பு நுனியோரத்தில் இருந்தால் வெட்டிச் சின்னக் கத்தியாக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த முறை வராமலிருக்க, முதலில் தண்ணீரில் தோய்க்காதீர்கள். கொல்லர் பட்டறைகளில் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூட்டாலேயே விறைப்பை இறக்குவதுண்டு. எந்த நொடியில் எடுப்பது என்பது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். முழு அலகையும் தண்ணீரில் முக்கினால் இந்த எஃகு தாங்காது.

அடுத்தது கோடுகள். வாய்க்குக் குறுக்காக ஓடும் ஆழமான அரக்கோடு ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்கக் காத்திருக்கும் இடம். தோய்ச்சலுக்கு முன் 120 எண் எமரித் தாளால் நீளவாக்கில் தேய்த்து அவற்றைப் போக்குங்கள். அலகும் வாலும் சேரும் மூலை செங்கோணமாக இருக்கக்கூடாது, உருண்டை அரத்தால் வளைத்துவிடுங்கள். துளைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிரையும் எடுங்கள்.

மூன்றாவது, பழைய பட்டையிலேயே இருக்கும் களைப்பு. லட்சக்கணக்கான முறை வளைந்த பட்டைக்குள் நுண்வெடிப்பு இருக்கலாம், வெளியே தெரியாது. நடுத்துளைப் பகுதியையும், உடைந்த பட்டையில் உடைப்புக்கு அருகிலுள்ள பகுதியையும் தவிர்த்துவிடுங்கள்.

உடைந்த துண்டை எறிவதற்கு முன் அதன் முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் எஃகின் மணி (உள்ளே இருக்கும் படிகத் துகள்) நுண்மையானது, சூடு சரியாக இருந்தது. ரவையைக் கொட்டியதுபோல மினுமினுத்தால் அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கிறீர்கள். முகத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்திருந்தால் வெடிப்பு தோய்ச்சலுக்கு முன்பே இருந்தது.

அலகு வளைந்து வந்தது

சற்று வளைவது இயல்பு. எண்ணெயில் எட்டுப் பத்து நொடி வைத்து வெளியே எடுத்ததும், அலகு இன்னும் 200 டிகிரிக்கு அருகில் இருக்கும்போது, சில நொடிகள் அது வளைந்து கொடுக்கும். தோல் உறைக் கையால் இரண்டு மரப்பலகைக்கு நடுவே அழுத்தி நேராக்கிவிடலாம். முழுதும் ஆறிய பின் அழுத்தினால் உடையும்.

அந்த நேரம் தவறிவிட்டால் டெம்பரிங்கின்போது சரிசெய்யலாம். தடித்த இரும்புப் பட்டை ஒன்றின்மேல் அலகின் புடைப்பு மேலே வரும்படி வைத்து, இரண்டு முனைக்கும் அடியில் ஒவ்வொரு நாணயம் கொடுத்து, புடைத்த இடத்தைச் சி-கிளாம்பால் இறுக்குங்கள். நேர்கோட்டைத் தாண்டி மறுபுறம் ஒரு மில்லிமீட்டர் வளையும் அளவுக்கு இறுக்கி அப்படியே அடுப்பில் வையுங்கள். ஒரே முறையில் நேராகாவிட்டால் இரண்டாவது சுற்றில் கொஞ்சம் கூட்டலாம்.

ஒவ்வொரு கத்தியும் ஒரே பக்கம் வளைகிறதா? அப்படியானால் உங்கள் அரம் ஒரு பக்கத்தில் அதிகம் தின்கிறது. வெர்னியரால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். அலை அலையாக வளைந்தால் வாய் மிக மெல்லியது. தோய்ச்சலுக்கு முன் வாயில் 0.8 முதல் 1 மி.மீ. கனம் விட்டுவைக்க வேண்டும். அரம் விட்டு முடித்த கத்தியைப் பார்த்து “இவ்வளவு தடிப்பாக இருக்கிறதே” என்று தோன்றினால் அளவு சரி.

வாய் உதிர்கிறது அல்லது மடிகிறது

இந்த இரண்டையும் பிரித்தறியப் பித்தளைக் கம்பி போதும். கம்பியை வைஸில் கிடையாகப் பிடித்து, கூராக்கிய வாயைச் சாய்வாக அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள். வாய் கண்ணுக்குத் தெரியும்படி அசைந்து பழைய இடத்துக்கே திரும்பினால் சரி. பொடிப்பொடியாக உதிர்ந்தால் டெம்பரிங் போதவில்லை. மடிந்து அப்படியே நின்றால் மென்மை, அல்லது வாய் தேவைக்கு மீறி மெல்லியது.

டெம்பரிங் என்பது தோய்ச்சல் கொடுத்த அலகை மிதமாகச் சுட்டு முறியும் தன்மையைக் குறைப்பது. தோய்ச்சல் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். இரவு அப்படியே வைத்துவிட்டுக் காலையில் வெடிப்பைப் பார்ப்பவர்கள் உண்டு. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஓடிஜி அடுப்பின் குமிழை நம்பாதீர்கள், உள்ளே 20, 30 டிகிரி வேறுபடும். தனி வெப்பமானி ஒன்றை வைத்து, கத்தியை மணல் நிரப்பிய தட்டில் படுக்கவைத்தால் சூடு ஏறி இறங்குவது குறையும். அலகின் ஒரு பக்கத்தை முன்பே பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்தால் நிறம் சொல்லும்: வெளிர் வைக்கோல் நிறம் வேண்டியது. பழுப்பு என்றால் 250ஐ நெருங்கிவிட்டது, நீலம் என்றால் 300.

உதிரும் கத்தியை 15 டிகிரி கூட்டி மறுபடி ஒரு சுற்று சுடுங்கள். அதன் பிறகும் உதிர்ந்தால் மணி பெருத்துவிட்டது, டெம்பரிங்கால் திருத்த முடியாது. மூன்று முறை காற்றில் ஆறவிட்டு மறுபடி தோய்க்க வேண்டும். மடியும் கத்திக்குக் குறைந்த சூட்டில் மறு டெம்பரிங் செய்து பயனில்லை. இழந்த கடினம் தோய்ச்சலில்தான் திரும்ப வரும்.

கூராக இருக்கிறது, ஆனால் வெட்டவில்லை

காகிதத்தைச் சீவுகிறது, கேரட்டில் பாதியில் நின்று பிளக்கிறது. இது எஃகின் குறையே அல்ல, வடிவத்தின் குறை. வாய்க்கு உடனே பின்னால் உள்ள கனத்தை அளந்து பாருங்கள். சமையல் கத்திக்கு 0.2 முதல் 0.3 மி.மீ., தேங்காய் மட்டையும் கிளையும் வெட்டும் தோட்டக் கத்திக்கு 0.5 மி.மீ. கைவேலையில் முதல் கத்திகள் பெரும்பாலும் 0.8க்கு மேல்தான் நிற்கும். தோய்ச்சலுக்காக விட்டுவைத்த கனத்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை, அதுதான் விஷயம். இப்போது அரம் உதவாது. 80 எமரியைத் தட்டையான இரும்பில் ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் கத்தி கத்தியாவது இங்கேதான். கனம் இறங்கிய பிறகு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் சாணைக்கல்லில் தீட்டுங்கள்.

கனமும் சரி, கடினமும் சரி, ஆனாலும் வழுக்குகிறதென்றால் தீட்டும்போது வாயில் பிசிர் உருவாகவில்லை. கல்லில் ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் விரலில் தட்டுப்பட வேண்டும். அது வரும் வரை பக்கம் மாற்றாதீர்கள். வாயில் மார்க்கரால் கோடிட்டுத் தீட்டினால் கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது மிச்சமிருக்கும் மையில் தெரியும்.

கிரைண்டரில் வாய் நீலமாகிவிட்டது

அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் மென்மை உள்ளே இருக்கும். வாயை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது முழுச் சூட்டுமுறையையும் மறுபடி செய்யுங்கள். தோய்ச்சலுக்குப் பிறகு கிரைண்டரில், சூடு கையில் தெரியும்படி, வெறுங்கையால் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரில் முக்க வேண்டும். அலகின் மேல் நிற்கும் நீர்த்துளி ஆவியாகத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். தேய்ந்த பெல்ட் வெட்டாது, உரசிச் சூடாக்கும். அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பளபளப்புக்குள் கோடுகள் தெரிகின்றன

முந்தைய எமரியின் கோடுகளை முழுதாக எடுக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். 600ல் தெரியும் கோடு பெரும்பாலும் 120ல் விட்டது. 120, 220, 400, 600 என்று போகும்போது ஒவ்வொன்றுக்கும் திசையை மாற்றித் தேயுங்கள், பழைய கோடு குறுக்காகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும்.

வாலில் துளை போட மறந்துவிட்டது

சாதாரண டிரில் பிட் கடினமான எஃகில் சுற்றிச் சூடாகும், இறங்காது. அலகை ஈரத்துணியால் சுற்றி வைஸில் பிடித்து, வாலை மட்டும் கேஸ் டார்ச்சின் தீயால் நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வரும் வரை சுட்டு ஆறவிடுங்கள். பிறகு குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு, அழுத்திப் போடலாம். 5 மி.மீ. பித்தளை ரிவெட்டுக்குத் துளை 5.2 இருக்கட்டும்.

பிடியில் இடைவெளி, ஆட்டம், பிளவு

ஒட்டிய அன்றே கோடு தெரிந்தால் வால் தட்டையாக இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் 80 எமரியை விரித்து வாலைத் தேயுங்கள். நடுப்பகுதியில் எமரி படாத தீவு தெரிந்தால் அது மறையும் வரை தொடருங்கள். சில வாரம் கழித்து இடைவெளி திறந்தால் மரம் காயவில்லை. மழைக்காலத்தில் வாங்கிய பச்சைக் கருவேலத்தை அந்த மாதமே பிடியாக்கினால் சுருங்கத்தான் செய்யும். பலகையாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். பொறுமையில்லையென்றால் பழைய கதவு, ஜன்னல் தேக்கு வாங்குங்கள்.

பிடி கழன்று வந்தால் பிரிந்த முகத்தைப் பாருங்கள். எபாக்சிப் பசை முழுதும் மரத்தில் ஒட்டி, எஃகு பளபளவென்று இருந்தால் எஃகைச் சொரசொரப்பாக்கித் தின்னரால் துடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பசை அரிதாக இருந்தால் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கிப் பிழிந்துவிட்டீர்கள். பசை பிசுபிசுவென்றே இருந்தால் இரண்டு குழாயையும் சமமாகக் கலக்கவில்லை. 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

ரிவெட் அடிக்கும்போது மரம் பிளந்தால், சுத்தியலின் கனம் அதிகம், அல்லது துளை மரத்தின் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். சிறிய சுத்தியலின் உருண்டை முனையால், நடுவிலிருந்து வெளியே, மெல்லத் தட்டினால் போதும். பிடியைத் தாங்குவது பசை, ரிவெட் அது வழுக்காமல் காப்பது.

ஒரே வாரத்தில் துரு

இது ஸ்டெயின்லெஸ் அல்ல, துருப்பிடிக்கும். எலுமிச்சை, தக்காளி, புளி பட்டதும் கறுப்பது வேறு: அந்தச் சாம்பல்கறுப்புப் படலம் அலகைக் காக்கவே செய்கிறது, தேய்த்து எடுக்காதீர்கள். எடுக்க வேண்டியது செம்பழுப்புத் துரு. 600 எமரியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அலகு முழுதும் தடவி வையுங்கள். தோல் உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் மூடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே மட்டும் திரும்பத் திரும்பத் துரு வந்தால் அங்கே பசை நிரம்பாத இடைவெளி இருக்கிறது. மெல்லிய ஊசியால் எபாக்சி ஏற்றி அடையுங்கள்.